மறக்க ஒரு மருந்து

“எந்தப் புரதத்தை நிறுத்தினா இது போகும் மேடம்?”

கேட்டவர் பொன்னம்பலம். ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு நஸ்ரினின் மூளை ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். நஸ்ரின் அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

“எது போகணும் சார்?”

“போன வருஷம் என் பொண்ணு போயிட்டா. பஸ் மோதி. ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன்.”

பொன்னம்பலம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்பவும் எங்கயாவது ஹார்ன் சத்தம் கேட்டா கை கால் அசையாது. அப்படியே நின்னுடுவேன்.”

நஸ்ரின் ஆறுதல் சொல்லவில்லை. இரண்டு கூண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கூண்டுக்கு ஒரு எலி.

மணி அடித்தால் காலில் மின்சாரம் தாக்கும் என்று இரண்டும் ஏற்கெனவே கற்றிருந்தன. இனி மின்சாரம் கிடையாது. மணி மட்டும்தான்.

“நரம்பும் நரம்பும் சேருற இடத்துல, இந்த இணைப்பை மாத்துன்னு சேதி சொல்ற புரதம் ஒண்ணு இருக்கே, இடது எலிக்கு அதை மருந்து கொடுத்து நிறுத்தியிருக்கேன். வலதுக்கு வெறும் உப்புத் தண்ணி. தினமும் நாற்பது தடவை மணி அடிங்க.”

பொன்னம்பலம் அடித்தார்.

முதல் நாள் இரண்டும் உறைந்து கிடந்தன. அவர் இடது கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள், மணி ஒலிக்க ஒலிக்க, வலது எலி தானியம் கொறித்தது.

இடது எலி மூலையில் ஒடுங்கியே இருந்தது.

அவர் நஸ்ரினிடம் ஓடினார்.

“கூண்டுல ஒட்டின சீட்டு மாறிப்போச்சு மேடம்.”

“மாறலை.”

“மருந்து போட்டதுதானே மறந்திருக்கணும்?”

“பயப்படக் கத்துக்கிறதுக்கும் அந்தச் சேதி வேணும் சார். பயப்பட வேண்டாம்னு கத்துக்கிறதுக்கும் அதேதான்.”

பொன்னம்பலம் திரும்பி வந்து, இடது கூண்டின் முன் வெகுநேரம் நின்றார். மணியைத் தொடவில்லை.

பிறகு, பின்னாலேயே வந்திருந்த நஸ்ரினிடம் சொன்னார். “சரி. வலது எலியாவது மறந்துடுச்சே. எனக்கு அது போதும்.”

நஸ்ரின் அந்த எலியை எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். புதுக் கூண்டில் விட்டார். மணியை அடித்தார்.

எலி உறைந்தது.

பொன்னம்பலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மறக்கலையா?”

“இல்ல.”

“அஞ்சு நாள் மேடம். இருநூறு தடவை அடிச்சிருக்கேன்.”

“அந்த அறையில மட்டும்தான் அடிச்சீங்க.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் எலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ரோட்டுப் பக்கம் போனீங்களா சார்?”

எந்த ரோடு என்று அவர் கேட்கவில்லை.

“இல்ல. சுத்துவழியாத்தான் வர்றேன்.”

நஸ்ரின் மணியின் பொத்தானை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் அழுத்தினார். எலி அசையவில்லை.

“இன்னொரு தடவை,” என்றார் நஸ்ரின்.