டீச்சர் காரின் டாங்கி மூடி

எங்கள் ஊரில் நாலே நாலு கார் இருந்த காலம். திருப்பத்தில் வரும்போதே இது டாக்டர் வண்டி, இது ஏசுவடியான் சார் வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம். இன்றைக்கு வாசலில் வந்து நின்றாலும் எந்த வண்டிக்கும் குரல் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

நாலு காருக்கும் மெக்கானிக் ஒருவர்தான். ஜஸ்டஸ் ஆசான். அவரிடம் வேலை படித்தவர் செல்லையன். லாரி ஓட்டி இடுப்பு போன பிறகு, நாற்பத்திரண்டாம் வயதில் ஸ்பானர் பிடிக்க வந்தவர். ஆசானைவிட அவருக்கு ஆறு வயது கூடுதல். இவர் அவரை ஆசானே என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார் என்று பிடிபடாது.

ஏசுவடியான் சார் இறந்து எட்டு மாதத்தில் அவர் கார் மக்கர் செய்யத் தொடங்கியது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. கொஞ்ச தூரம் போய் ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமும், குலுங்கும், இழுக்காது. அதை ஓட்டியது சாரின் மனைவி ரோஸம்மாள் டீச்சர். ஐம்பது வயதுக்கு மேல் சார்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையடிவாரத்தில் இருக்கும் சாரின் கல்லறைக்கு அந்த வண்டியில்தான் போவார். இப்போது வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிட, நடந்து போய்த் திரும்புகிறார்.

செல்லையன் மூன்று தடவை பார்த்தார். பிளக் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினார். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தால் வண்டி பூப்போல ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதே ஏற்றத்தில் அதே இருமல். கடைசியில் அவர் இஞ்சின் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். டீச்சரும் பழைய இரும்பு எடுப்பவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் செல்லையனுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய மூத்த மகள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த வண்டியின் பின்சீட்டில் பிறந்தவள். சனிக்கிழமை ஆசான் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் பாத்தாச்சு ஆசானே. கோளாறு எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

ஆசான் டீயைக் குடித்து முடித்தார்.

"ஓட்டிப் பாக்கதுக்கு முன்னால நீரு என்ன செய்வீரு?"

"மூடியத் தொறந்து குச்சி விட்டுப் பாப்பேன்."

அது லாரிக்காலத்துப் பழக்கம். மீட்டரை அவர் நம்பவே மாட்டார். டாங்கிக்குள் குச்சி விட்டு எத்தனை விரற்கடை நனைகிறது என்று பார்க்காமல் எந்த வண்டியையும் எடுத்ததில்லை.

"தொறக்கும்போ சத்தம் கேட்டுதா?"

"உஸ்ஸுன்னு கேட்டுது. வெயில்ல பெட்ரோல் சூடாயி ஆவி வெளிய வருதுன்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு டீச்சர்கூட நாமளும் போவோம். நீரு எதையும் தொறக்கப்பிடாது."

கோயிலில் ஆராதனை முடிந்து மூன்று பேரும் புறப்பட்டார்கள். டீச்சர் ஓட்டினார். அந்த ஏற்றம் வந்தாலே சார் பாட ஆரம்பித்துவிடுவார் என்றும், வண்டிச் சத்தத்தில் அவர் சுருதி தப்புவது வெளியே தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் வண்டி இருமியது. டீச்சர் ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

செல்லையன் முன்பக்கம் பானெட்டைத் திறக்கப் போனார். ஆசான் அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கிடந்த துண்டின் நுனியை டாங்கி மூடியின் விளிம்பில் வைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திருகினார். உஸ்ஸென்றது. துண்டு நுனி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போனது.

காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று.

பெட்ரோல் குறையக் குறைய, மூடியில் இருக்கும் சிறு துளை வழியாக டாங்கிக்குள் காற்று போயாக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இஞ்சினுக்கு வராது. இது செல்லையனுக்குத் தெரியாததல்ல. அவர் குச்சி விட மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் வண்டி குணமாகியிருக்கிறது. அவர் தன் ஸ்பானரை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆசான் மூடியைக் கழற்றித் திருப்பினார். செல்லையன் அதுவரை ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. உள்பக்கம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் தாள். வட்டமாக வெட்டி, சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. தையல் தெரிந்த கை கட்டிய கட்டு.

டீச்சர் இறங்கி வந்து பார்த்தார்.

"நாந்தான் கட்டுனேன், மணம் வெளிய வரப்பிடாதுன்னு. சார் மேல எப்பவும் பெட்ரோல் மணம் அடிக்கும். அவரு போனபொறவும் வண்டிக்குள்ள அது இருந்துது. பக்கத்துல இருக்காருன்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்துருவேன். தாங்க முடியல."

செல்லையன் அந்தத் தாளைக் கிழிக்கக் கை நீட்டினார். ஆசான் மூடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். டீச்சரிடம் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினார். தாளில் மூன்று இடத்தில் குத்தினார். மூடியைத் திருகிப் பூட்டிவிட்டு ஊக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டி இருமாமல் ஏறியது. ஏற்றத்தின் உச்சி வந்ததும், திங்கட்கிழமை வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக டீச்சர் சொன்னார். அப்புறம் பூக்களை எடுத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் போனார். இவர்கள் இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்து நின்றார்கள். சூடான இஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

"ஆசானே, அதக் கிழிச்சு எறிஞ்சா முடிஞ்சிருக்குமே. எதுக்குத் திருப்பிப் பூட்டுனீங்க?"

ஆசான் கல்லறைப் பக்கம் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"வண்டி கேட்டது மூணு ஊசித் துளைதான் அண்ணாச்சி. மிச்சத்த டீச்சர் எடுக்கட்டு, எடுக்கணும்னு தோணும்போ."