கண்ணாடி அறையில் நின்றுபோன மின்விசிறி

கோயம்புத்தூரில் ரெஜினா நடத்தும் சோதனைக்கூடம் எந்தக் கம்பெனியையும் சேர்ந்ததல்ல. அதனால்தான், மலைக்கிராமங்களுக்குப் போகும் செவிலியரின் மின்சார சைக்கிளுக்கு எந்த மோட்டார் என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏற்றத்தில் மோட்டார் சூடேறி நின்றால் தடுப்பூசிப் பெட்டியோடு செவிலி நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

நாச்சிமுத்துவும் ஷாஜகானும் ஆளுக்கொரு புது மோட்டாரைச் செய்து கொண்டுவந்தார்கள். மலையேறும் பாரத்தோடு ஓடவிட்டால், சூடு எல்லையைத் தொட்டதும் மோட்டார் தானே நின்றுவிடும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது வெல்லும். ஏற்றத்தில் சைக்கிள் மெல்லத்தான் போகும். மோட்டார்மேல் காற்றுப் படாது. ஆகவே அறையிலும் காற்று கூடாது என்பது விதி. அவ்வளவு சூடு கண்ட மோட்டாரின் காந்தம் பழையபடி இருக்காது என்பதால் மறுசோதனையும் கிடையாது. யாரும் காதோடு காதாக எதுவும் ஓதிவிடாதபடி, வென்றவரின் சான்றிதழில் முத்திரை குத்தும்வரை ரெஜினா கண்ணாடி அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. கதவைத் திறந்தால் எல்லாம் வீண்.

முதலில் நாச்சிமுத்துவின் மோட்டார். இரைச்சல் காதை அடைத்தது. மேசைமேல் வரைபடத் தாள் படபடக்க, ரெஜினா ஸ்பேனரைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மோட்டார் நின்றதும் அதே ஸ்பேனரால் ஷாஜகானின் மோட்டாரை முடுக்கிப் பொருத்தி, ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். தாளின் மேலேயே பென்சிலைச் சீவிவிட்டு, இரண்டாவதை ஓடவிட்டார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பென்சில் தூள் விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஷாஜகானின் மோட்டார் சற்றுக் கூடுதலாகவே தாக்குப்பிடித்தது.

முத்திரையை எடுக்கத் திரும்பியபோதுதான் மூலையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடி இருந்தது, இறக்கைகள் அசையவில்லை. பல வருடம் பம்ப் மோட்டார் சோதித்த பழக்கத்தில், உள்ளே வந்ததும் கை தானாகப் போட்டிருக்கிறது. எப்போது எரிந்துபோய் நின்றது? இரைச்சலில் அது ஓடிய சத்தமும் கேட்கவில்லை, நின்ற சத்தமும் கேட்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடிக்கு அப்பால் நாச்சிமுத்து.

"ஏனுங்க அம்மிணி, அந்த ஃபேன் காத்து பாய் மோட்டாருக்கு மட்டுந்தானுங்களா?"

"ஏன், உங்க மோட்டார் ஓடறப்போ மட்டும் கரண்ட் போயிருச்சாக்கும்?" என்றார் ஷாஜகான்.

"அத அம்மிணியே சொல்லட்டும்."

ரெஜினாவின் கை முத்திரையின்மேல் அப்படியே நின்றது. குத்தினால் பொய்யாகிவிடுமோ? குத்தாமல் கதவைத் திறந்தால், செவிலியருக்குச் சைக்கிளே இல்லை.

மோட்டார்களை மறுபடி ஓட்டாமல், கதவையும் திறக்காமல், ரெஜினா மனசாட்சிக்கு விரோதமில்லாமல் முத்திரை குத்த முடியுமா? முடியுமென்றால், யாருக்கு?

விடை: முடியும், ஷாஜகானுக்கு. முதல் சோதனையில் தாள் படபடத்தது. அப்போது மின்விசிறி ஓடியிருக்கிறது. இரண்டாவதில், மேலே எதுவும் வைக்காத தாளில் பென்சில் தூள்கூட நகரவில்லை. காற்று வாங்கியது நாச்சிமுத்துவின் மோட்டார். வாங்கியும் முன்னதாகவே நின்றுவிட்டது. காற்றில்லாமல் ஓடியிருந்தால் இன்னும் சீக்கிரமாக நின்றிருக்கும். ரெஜினா முத்திரை குத்தினார். அதன் கீழே தம் தவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே தாழ்ப்பாளில் கை வைத்தார். நாச்சிமுத்து அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஃபேன் போட்டும் நம்முளுக்கு வேர்த்துப்போச்சே பாய்" என்றார்.