கரண்டி பிடித்த கையில் கொடி

ஐரோப்பா டூருக்கு நான் போனதே சாம்பார் வைக்கத்தான். கைடு காய்ச்சலில் படுத்ததும், கூட்டத்துக்கு முன்னால் அவர் தூக்கிப்பிடித்து நடக்கும் கொடியை என் கையில் திணித்துவிட்டார்கள். சென்னையிலேயே பஸ் மாறி ஏறுகிற ஆள் நான்.

புடாபெஸ்டில் படகு ஏறியதும் ரிட்டயர்டு கலெக்டர் தணிகாசலம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டான்யூப் நதியைக் காட்டுறேன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? வியன்னாவில் டோனாவ்னு போர்டு. இங்கே டுனாங்கிறான். டான்யூப் எங்கேய்யா? கரையில இருக்கிற ஒருத்தனாவது அந்தப் பேரைச் சொல்லணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் திரும்பினேன்.

"அம்மா, சார் பேர் என்னங்க?"

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவங்க பேரை நான் எப்படிப்பா சொல்றது? 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுவேன்."

"பாத்தீங்களா சார்? அம்மாவுக்கு நீங்க 'ஏங்க'. இந்தக் கரையில இருக்கிறவங்களுக்கு இது டுனா. டான்யூப்னு சொல்றதெல்லாம் நம்மளை மாதிரி வெளியாளுங்கதான்."

படகே சிரித்தது. கலெக்டரும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

இறங்கும்போது அந்தம்மா மெல்லக் கேட்டார். "நெசமாவே இது டான்யூப்தானா தம்பி?"

"அதைத்தாம்மா யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம நானும் காலையிலேர்ந்து முழிச்சிட்டிருக்கேன்."