இரவல் போன இரலை

புல்வெளி மான்களின் பந்தாட்ட அணியில் கூரன் என்ற இளம் இரலைமான் இருந்தது. இருந்தது என்றால், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதற்கு முன்னால் பெரிய மான்கள் வரிசை கட்டி நின்றன. கூரனுக்கு ஆட இடமே கிடைக்கவில்லை.

ஒரு நாள் தலைவர் மான் அதைக் கூப்பிட்டது.

“கூரா, இந்த மழைக்காலம் முழுக்க நீ சேற்றுப்பள்ளத்து அணிக்கு இரவலாகப் போ! அங்கே தினமும் ஆடலாம். கொக்கு அவ்வப்போது வந்து பார்த்து எனக்குச் சொல்லும். நன்றாக ஆடினால் திரும்ப அழைத்துக்கொள்வேன்.”

“இல்லாவிட்டால்?”

“இங்கே உனக்கு இடமில்லை.”

கூரன் கனத்த நெஞ்சோடு புறப்பட்டது.

சேற்றுப்பள்ளத்து அணிக்குத் தலைவன் காட்டுப்பன்றி. முன்னால் ஓட நீர்நாய். கோலைக் காப்பது ஆமை! ஓட முடியாதவன் நிற்கவாவது செய்யட்டும் என்று அதை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஆமை நின்றால் நின்றதுதான். பந்து அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது.

கூரன் கொக்குக்காகவே ஆடியது. மரத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தால் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தனியாகப் பாய்ந்து ஓடும். கொக்கு வராத நாளில் நடை பழகும். யாராவது மோத வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். புல்வெளியில் ஆட வேண்டிய கால்களைச் சேற்றில் உடைத்துக்கொள்ள முடியுமா என்ன?

ஒரு நாள் மலையாடுகளோடு ஆட்டம். ஒரு கிடா பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்து வந்தது. பக்கத்தில் இருந்தது கூரன் மட்டும்தான்.

“கூரா, குறுக்கே போ!” என்று ஆமை கத்தியது.

கூரன் தன் கால்களைப் பார்த்தது. ஒதுங்கியது. கிடா நேராக ஆமைமேல் மோதியது. ஆமையின் ஓட்டில் விரிசல் விழுந்தது. ஆட்டத்திலும் அணி தோற்றது.

பன்றி எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கியது. நீர்நாயைத் திட்டியது. வலியோடு கிடந்த ஆமையைக்கூட விடவில்லை. கூரனை மட்டும் பேசாமல் தாண்டிப் போனது.

“என்னை ஏன் திட்டலை?” என்று கூரன் கேட்டது.

“உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? மழை விட்டா நீ போயிடுவே. எங்க ஆளுங்களைத்தான் நான் திட்டுவேன்!”

அந்தச் சொல் கூரனைச் சுட்டது. மெல்ல ஆமையிடம் போய் நின்றது.

“வலிக்குதா?”

“வலிக்காம இருக்குமா? ஆனா நாளைக்கும் நிக்கணுமே. எனக்குப் போறதுக்கு வேற இடம் இல்லை.”

அன்று கூரனுக்கு ஒரு வாய்ப் புல்கூட இறங்கவில்லை.

மறுநாள் முதல் அது வேறு மாதிரி ஆடியது. விழுந்தது, எழுந்தது, பந்தைப் பிறருக்குக் கொடுத்தது. மரத்தை நிமிர்ந்து பார்ப்பதையே மறந்துவிட்டது.

கடைசி ஆட்டம் எருமைகளோடு வந்தது. தோற்றால் சேற்றுப்பள்ளத்து அணி அடுத்த மழைக்குப் பெரிய ஆட்டங்களில் சேர முடியாது. அது காட்டு வழக்கம். கொக்கும் கடைசி முறையாக வந்து உட்கார்ந்தது.

பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் நீர்நாய் ஓடி வந்தது.

“கூரா, ஓடையில குளிச்சிட்டு வா! சேத்துல உன் வெள்ளை வயிறே தெரியலை. கொக்கு உன்னைத் தேடுது!”

கூரன் மரத்தைப் பார்த்தது. புல்வெளி வேண்டும்தான். அதற்காகத்தானே இத்தனை பாடு! ஆனால் ஓடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மறுபாதி ஆட்டம் தொடங்கிவிடும். விரிசல் ஓட்டோடு ஆமை தனியாக நின்றது.

“நான் போனா ஆமைக்கு முன்னால யார் நிப்பா?” என்றது கூரன். போகவில்லை.

ஆட்டம் முடியும் நேரம். ஓர் எருமை பந்தோடு பாய்ந்து வந்தது. கூரன் குறுக்கே விழுந்தது. இரண்டும் சேற்றில் உருண்டன. கூரன் பந்தைத் தட்டிவிட, நீர்நாய் ஓடிப்போய்க் கோல் அடித்தது! சேற்றுப்பள்ளத்து அணி வென்றது.

“மடையா, பந்தை முன்னாடியே தட்டறதுக்கு என்னடா?” என்று பன்றி கத்தியது.

கூரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றுதான் பன்றி அதை முதன்முதலாகத் திட்டியது.

கொக்கு புல்வெளிக்குப் பறந்தது.

“தலைவரே, மன்னிக்க வேண்டும். கூரனைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை! எல்லோரும் ஒரே சேறு, ஒரே ஓட்டம். யார் இரவல், யார் சொந்தம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.”

தலைவர் மான் தலையை ஆட்டியது.

“அப்படியானால் அவன் ஆட்டக்காரன் ஆகிவிட்டான். அழைத்து வா!” என்றது.

கூரன் கிளம்பிய நாளில் பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. கூரனும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

இரவலாகப் போன இடம் யாரையும் ஆளாக்கிவிடாது. போன இடத்தைத் தன் இடமாக எண்ணி உழைப்பவரே ஆளாகிறார்.