துஷாபேயின் எடை

"இதை எதுக்காகச் செஞ்சிருப்பாங்க?"

டோலியிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி தன் கணவரிடம் கேட்டாள். மூங்கில் கழியைத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

"நமக்காகத்தான்," என்றார் அவர். இருவரும் சிரித்துக்கொண்டே ஏரியைப் பார்க்கப் போனார்கள்.

டோலியைத் தூக்கி வந்த பாரிக்யேயின் காதில் விழ வேண்டுமென்று அவர்கள் பேசவில்லை. விழுந்துவிட்டது.

மறுநாள் காலை அவன் கெபிருங்கியைத் தேடிப் போனான்.

உகாண்டாவின் தென்மேற்கு மலைகளில், மேகம் வந்து உட்காரும் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. கரை மக்களுக்கு மனதில் ஏதாவது உறுத்தினால் கெபிருங்கியிடம்தான் போவார்கள். அவள் பாதிரியும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. படிக்கட்டு வயலில் உருளைக்கிழங்கு போடுகிறவள். கேள்வி கேட்டால் பதில் வரும் என்று சொல்ல முடியாது. மண்வெட்டி கட்டாயம் வரும்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவன் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"அம்மா, அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை."

"யாருக்கு?"

"ஏரி பாக்க வர்ற விருந்தாளிங்களுக்கு. டோலியே அவங்களுக்காகச் செஞ்சதாம்."

கெபிருங்கி ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.

"திட்டணும்னா அங்கேயே நின்னு திட்டியிருக்கலாமே. நம்ம பாஷை அவங்களுக்குப் புரியாது. இவ்வளவு தூரம் ஏறி வந்து என் கிழங்குகிட்ட ஏன் திட்டறே?"

மண்வெட்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு கிளறத் தொடங்கினான்.

"டோலி எதுக்காகச் செஞ்சது?"

"உங்களுக்குத் தெரியாததா? மேட்டுல ரோடு கிடையாது. நோயாளியை, பிள்ளை பெறப் போறவளை, ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போக. வீட்டுக்கு ஒரு தோள். கொம்பு ஊதினா போட்டது போட்டபடி ஓடணும்."

"இப்போ எங்கே இருக்கு?"

"லாட்ஜுல."

நாலு வருடத்துக்கு முன் லாட்ஜ்காரர்கள் அதை இரவல் கேட்டார்கள். ஒரு விருந்தாளிக்கு முழங்கால் வலி, மலை உச்சியில் நின்று ஏரியைப் பார்க்க ஆசை. அன்று மாலையே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு இன்னொரு முழங்கால் வந்தது. பிறகு வலியில்லாத முழங்கால்களும் வந்தன. டோலிக்கு மெத்தை வந்தது, குடை வந்தது. கிழங்கு நிறுக்கிற தராசில் விருந்தாளிகளை நிறுத்தார்கள். எழுபது கிலோ வரை நாலு பேர், அதற்கு மேல் ஆறு பேர்.

"நேத்து தூக்கின பெண்மணி எவ்வளவு எடை?"

"எழுபத்தெட்டு."

"முந்தாநாள்?"

"தொண்ணூத்தாறு. ஆறு பேருக்கும் நாக்கு தள்ளிடுச்சு."

"போன மழைக்காலத்துல, அந்த வியாழக்கிழமை?"

மண்வெட்டி நின்றது.

"எண்பத்தொண்ணு," என்றான்.

"நல்ல ஞாபகம். அன்னிக்குக் கொம்பு கேட்டுதா?"

"கேட்டுது."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அப்போ நீ எங்கே இருந்தே?"

"உச்சியில. மேகம் விலகலை. விலகினதும் ஒரு போட்டோ எடுத்துட்டு இறங்கலாம்னார் அந்த விருந்தாளி. மேனேஜரும் பக்கத்துலயே நின்னார். ஆறு பேர்ல ஒருத்தனும் வாயைத் திறக்கலை."

"மூணாவது தடவைக்கு அப்புறம்?"

"அப்புறம் ஊதலை."

ஏரியின் அக்கரையில் மோட்டார் படகு ஒன்று உறுமியது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"யாருக்கு ஊதுறாங்கன்னு அப்போ தெரியாது அம்மா. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் மறுபடி மண்ணைக் கிளறினான்.

கொம்பு ஊதியது அவன் தங்கை துஷாபேக்காக. தலைப்பிரசவம். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் டோலி இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன் ருகாபா பொறுத்துப் பார்த்தான். பிறகு அவளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது.

"அன்னிக்கு டோலிக்கு முன்பக்கம், இடது கழி யாரு?"

"நான்தான். எப்பவும் நான்தான்."

கெபிருங்கி எழுந்து வந்தாள். அவன் சட்டையை விலக்கி இடது தோளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாக் காய்ச்சுப் போயிருக்கு," என்றாள்.

"டோலியைத் திரும்ப வாங்கிடட்டுமா அம்மா? இல்ல, புதுசா ஒண்ணு செஞ்சுடவா? மூங்கில் நானே வெட்டறேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்."

"துஷாபே எவ்வளவு எடை?"

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"ஊர் உலகத்துல எல்லார் எடையும் சொன்னியே."

"அவளை நான் தூக்கினதில்லையே அம்மா."

அவள் ஒரு காலிச் சாக்கை அவன் காலடியில் போட்டாள்.

"கிழங்கை அள்ளு. அவ எடை வந்ததும் நிறுத்து."

அள்ளினான். தோளில் தூக்கினான். இறக்கினான். கொஞ்சம் எடுத்தான். மறுபடி போட்டான். விருந்தாளி ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் இத்தனை கிலோ என்று சொல்கிற தோள் அது. இன்று வாய் மூடிக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலை," என்றான்.

"தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கெபிருங்கி அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

அவன் சாக்கைச் சுமந்துகொண்டு இறங்கினான். படகுத்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்ன பாரிக்யே, இன்னிக்கு விருந்தாளி ரொம்ப ஒல்லியா? ஒத்தை ஆளாத் தூக்கிட்டே!"

அவன் எந்தப் பாதையில் திரும்புகிறான் என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ருகாபா வாசலில் மீன்கூடைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அடக்கம் நடந்த நாளிலிருந்து அவன் பாரிக்யேயிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாரிக்யே சாக்கை இறக்கி வைத்தான்.

"மாப்பிள்ளே, அவ... இவ்வளவுதான் இருந்தாளா?"

ருகாபா சாக்கைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் நின்ற கால்களைப் பார்த்தான். கூடையைக் கீழே வைத்தான்.

முதுகைத் திருப்பிக் குனிந்து, சாக்கைத் தானே ஏற்றிக்கொண்டான். பாதை சரியத் தொடங்கும் இடம் வரை நடந்தான். அங்கே கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து இறக்கினான்.

வீட்டுக்குள் போனான். கிழங்குகளை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தான். பிறந்த பிள்ளை போல ஒரு கை அணைப்பில் அடங்குகிற அளவுதான். உள்ளே கொட்டாமல், ஒவ்வொன்றாக மேலே வைத்தான்.

சாக்கின் வாயைக் கட்டினான். தூக்கி, பாரிக்யேயின் இடது தோளில் வைத்தான்.