சாய்ந்த பக்கம்

“மூணு பக்கமும் பாத்துட்டேன் மேடம். மூணும் என்னை ஏமாத்துது!”

கதவைத் தட்டாமல்கூட உள்ளே வந்துவிட்டான் தணிகைவேல். இரும்புப் பட்டறையில் தகடு வெட்டுவதற்கு அளவுப் படம் வரைகிறவன். நஸீமா அவனுக்கு மாலை வகுப்பில் வரைபடம் சொல்லிக்கொடுப்பவள். வயதில் அவனைவிடச் சின்னவள்.

“என்ன ஆச்சு சார்?”

“அரிசி ஆலைக்கு ஒரு தொட்டி. ஒரு பக்கம் சாய்வு. அந்தச் சாய்வை மூடுற தகட்டுக்கு நான்தான் அளவு கொடுத்தேன். வெட்டிக் கொண்டுபோய் வெச்சா, குட்டை! மறுபடி அளவெடுத்துக் கொடுத்தேன். அதுவும் குட்டை!”

பட்டறையில் இப்போது அவன் பெயரே குட்டைத் தகடு. டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நாளைக் காலை மூன்றாவது தகடு. அதுவும் வீணானால், படம் வரையும் பலகையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“அளவு எங்கேருந்து எடுத்தீங்க?”

“முதல்ல, மேலேருந்து பாக்குற படத்துல. அப்புறம், முன்னாலேருந்து பாக்குற படத்துல. பக்கத்துலேருந்து பாத்தா வெறும் கோடு! ஒத்தைக் கோட்டை வெச்சு நான் என்ன பண்றது?”

நஸீமா துணி சோப்புக் கட்டி ஒன்றை எடுத்தாள். கத்தியால் ஒரு முனையைச் சரிவாக அரிந்தாள். அரிந்த இடத்தில் சிவப்பு மை பூசி மேசைமேல் வைத்தாள்.

“பாருங்க. தொடக் கூடாது.”

தணிகைவேல் படம் வரைகிறவன் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். நேர் மேலே தலையைக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடினான். சிவப்பு சுருங்கித் தெரிந்தது. முன்னால் வந்து, மேசை மட்டத்துக்குக் குனிந்தான். அப்போதும் சுருங்கித்தான் தெரிந்தது. பக்கவாட்டில் போனான். கோடு.

“அதேதான் மேடம்!”

பொறுமை போய், சோப்பை எடுக்கக் கையை நீட்டினான்.

ஸ்கேலால் பட்டென்று ஒரு தட்டு.

“ஆலைத் தொட்டியையும் இப்படித்தான் கையில தூக்கித் திருப்புவீங்களா?”

“அப்ப நான் எங்கதான் போய் நிக்கிறது? இருக்கறதே மூணு இடம்தானே!”

அவள் பென்சில் சீவத் தொடங்கினாள்.

மறுபடி மேலே. மறுபடி முன்னால். மறுபடி பக்கத்தில். சுற்றிச் சுற்றி வந்தான். அழுகையே வந்துவிடும்போல இருந்தது. போதும்டா சாமி என்று சோப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதிலிருந்து கண்ணெடுக்காமலே உட்காரப் போனான்.

பாதியில் நின்றுவிட்டான். நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முழங்கால் மடங்கினபடி, சிவப்புச் சரிவுக்கு நேரெதிரே கண் வந்த இடத்தில் அப்படியே இருந்தான்.

“அம்மாடி! இது எப்ப மேடம் இவ்வளவு பெருசாச்சு?”

“எப்பவும் அவ்வளவுதான் சார்,” என்றாள் நஸீமா. “அசையாதீங்க. அங்கேருந்தே வரைங்க.”