நடந்து வந்த பந்து

சண்முகக்கனி பேட்டைத் தூக்கினால், வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள். பாளையங்கோட்டையில் போக்குவரத்துப் போலீஸ். முப்பதைத் தாண்டியும் மாவட்ட சாஃப்ட்பால் அணியில் நாலாவதாக இறங்குகிறவள். பந்து எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவு தூரம் திருப்பி அனுப்புவாள்.

அவளுடைய கோச் எப்சிபா அவளைவிட வயதில் சின்னவள். பள்ளிக்கூட அணியில் ஒரு காலத்தில் கனி அடித்த பந்துகளை முட்செடிக்குள் தேடி எடுத்து வந்தவள். பிறகு மாநில அணிக்கு ஆடி, அதற்கென்றே படித்து, விளையாட்டு ஆசிரியை ஆனாள். மைதானத்துக்குள் கனி அவளை "கோச்" என்பாள். எப்சிபா கனியை "அக்கா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அந்த வருஷம் மாநிலப் போட்டி திண்டுக்கல்லில் நடந்தது. முதல் ஆட்டமே சேலத்தோடு. சேலத்துக்குப் பந்து போட்டவள் நிரஞ்சனா என்ற நெட்டைப் பெண். அவள் கை எப்போதும் ஒரே மாதிரிதான் சுழலும். ஆனால் ஒரு பந்து பறந்து வரும், அடுத்தது நடந்து வரும்.

பறந்து வருகிறது என்று நினைத்துக் கனி பேட்டை வீசுவாள். பந்து அப்போதுதான் பாதி வழியில் இருக்கும். இறங்கிய தடவையெல்லாம் அப்படியே அவுட். கடைசியில் வீசிய வேகத்தில் தானே சுற்றி மண்டியிட்டு விழுந்தாள். சேலத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த ஆட்டம் போயிற்று. ஆனால் மற்ற ஆட்டங்களை ஜெயித்து நெல்லை இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே மறுபடியும் சேலம்.

"கனியை உட்கார வச்சிரலாம், மேடம்" என்றார் அணிச் செயலாளர். கனியின் காதில் விழும்படியேதான் சொன்னார்.

"அவங்க நாலாவதா இறங்குவாங்க, சார்" என்றாள் எப்சிபா.

அன்று சாயங்காலம் கனி கோச்சைத் தேடி மைதானத்துக்குப் போனாள்.

"வேகமா வருதா மெதுவா வருதான்னு முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கது, கோச்? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"பேட்டைக் கீழ வைங்க, அக்கா. கிளவுஸை மாட்டுங்க. அடிக்கிற இடத்துல போய் நில்லுங்க."

எப்சிபா தூரப் போய் நின்று பந்து போட ஆரம்பித்தாள். ஒன்று வேகம், ஒன்று மெது, மறுபடி மெது, பிறகு சுள்ளென்று ஒன்று. அவள் கையும் ஒரே மாதிரிதான் சுழன்றது. கனி எல்லாவற்றையும் பிடித்தாள்.

"ஒண்ணாவது கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"எது மெதுவா வருதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கனி யோசித்தாள். "கண்டுபிடிக்கல்லாம் இல்ல. வந்துச்சு, பிடிச்சேன்."

"சரி. இப்ப பேட்டை எடுங்க."

முதல் மெதுபந்துக்கே கனி முந்திவிட்டாள். அடுத்ததற்கும் அப்படித்தான். எரிச்சலில் பேட்டைத் தரையில் வீசினாள்.

"பிடிக்கது வேற, அடிக்கது வேற, கோச்!"

"ஆமாக்கா, வேறதான்" என்றாள் எப்சிபா. "பிடிக்கும்போது யாரும் கை தட்டமாட்டாங்க."

கனிக்கு முகம் சிவந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. சொன்னது இவள். வேலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பேட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"போடுங்க."

"கால் வேகப்பந்துக்குக் கிளம்பட்டும், அக்கா. கை, பந்து வந்த பிறகு கிளம்பட்டும்."

கால் போனது. கையும் கூடவே போனது. திரும்பவும் போட்டார்கள். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரைக்கும் போட்டார்கள். நன்றாக அமைந்த அடிகள் கொஞ்சம்தான்.

மறுநாள் இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் வரை கனி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சேலம் ஒரு ரன் முன்னால் இருந்தது. நெல்லையில் இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ரன்னுக்கு ஓட நெல்லைப் பிள்ளைகள் நிற்க, கனி இறங்கினாள்.

"அடி கனி! தூக்கு!" என்று வெளியே கத்தினார்கள்.

முதல் பந்து வேகம். பேட்டின் விளிம்பில் பட்டுப் பின்னால் போனது. இரண்டாவதும் வேகம், அதுவும் அப்படியே. இரண்டும் தவறிய கணக்கு. இன்னொன்று தவறினால் கனி அவுட், கோப்பை சேலத்துக்கு.

நிரஞ்சனாவின் கை சுழன்றது. கனியின் முன்னங்கால் நகர்ந்து மண்ணில் ஊன்றியது.

பந்து வரவில்லை.

இடுப்பு திரும்பத் துடித்தது. தோள் துடித்தது. வெளியே கத்தல் இன்னும் கூடியது. உடம்பின் பாரமெல்லாம் பின்னங்காலில் நிற்க, கனியின் கைகள் தோளருகே அப்படியே இருந்தன. பந்து நடந்து வந்தது. அதன் தையல்கூட அவளுக்குத் தெரிந்தது. அது முன்னால் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் கை கிளம்பியது.

சத்தம் கேட்டபோதே சேலத்துப் பிள்ளைகள் திரும்பி ஓட ஆரம்பித்தார்கள். பந்து இரண்டு பேருக்கு நடுவில் தரையைத் தொட்டு, வேலி வரை உருண்டது. ஒரு ரன் வந்தது. முதல் பேஸில் நின்றவளும் சுற்றி வந்து உள்ளே விழ, ஜெயிக்கிற ரன்னும் வந்துவிட்டது.

அணி முழுக்க உள்ளே விழுந்தவள்மேல் பாய்ந்து கட்டிக்கொண்டது. செயலாளர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஆட்டம் முடிந்தது தெரியாமல் கனி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து மூன்றாவது பேஸில் சறுக்கி விழுந்தாள். அங்கேதான் எப்சிபா நின்றாள். ஓடுகிறவர்களுக்குக் கை காட்டுவது கோச்சின் வேலை. இந்தத் தடவை அவள் கை காட்டவே இல்லை.

"ஜெயிச்சாச்சு, அக்கா. எந்திரிங்க."

கனி உடனே எழவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்கக் கேட்டாள்.

"கோச், அது மெதுவாத்தான் வருதுன்னு அவ பந்தை விடும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிட்டா?"

"நான் எங்கக்கா பந்தைப் பாத்தேன்?" என்றாள் எப்சிபா. "உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். என்ன அழகா நின்னுச்சு!"